பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி

நான்கு சதவீதம். கருப்புத் திரையின் கடைசி வரியில் எண்கள் மட்டும் மாறுகின்றன. இடப்பக்கம் கோப்பின் பெயர், நடுவில் சதவீதம், அதற்கு அப்பால் நொடிக்கு எவ்வளவு போகிறது என்பதும் இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்பதும். முப்பத்தொன்பது நிமிடம் என்கிறது. இப்போது மணி பத்து பத்து. முடியும்வரை எதையும் தொடக் கூடாது, மௌஸைக்கூட நகர்த்த வேண்டாம் என்று மதுரையிலிருந்து பிளெஸ்ஸி போனில் சொல்லியிருக்கிறாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கைகட்டி உட்காரச் சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. பெட்டிக்குள் டிக் என்கிறது. பிறகு ஓர் இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி டிக். நேற்றுச் சாயங்காலம் கடை இஸ்ஹாக் வந்து, பெட்டியின் மேல் காதை வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக் கேட்டான். "டீச்சர், டிஸ்க் போகப்போகுது. ஒரு தடவை படிக்கும். ரெண்டாந் தடவை படிக்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்றான். கழற்றிக் கொண்டுபோய்ப் பார்க்கவா என்று கேட்டான். கழற்றினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கும் பதில் சொல்ல முடியாது என்றான். நல்ல பையன், பொய் சொல்லத் தெரியாது. பென் டிரைவ் செருகும் துளையும் பழுதாகி வருஷமாகிறது. ஆக, ஒரே ஒரு தடவை படிக்கும். அந்த ஒரு தடவையை நான் கேட்பதற்குச் செலவழிக்கலாம், அல்லது அனுப்புவதற்கு. கேட்டால் ஒரு மணி நேரம் என் வீட்டுக்காரர் பேசுவார். அனுப்பினால் இப்போது நான் கேட்க முடியாது, ஆனால் அது மதுரையில் இருக்கும், அங்கே உள்ள கணினி எதையும் இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுமாம். நேற்றே அனுப்பியிருப்பேன். இணைப்பு கிடைக்கவில்லை. இன்றைக்குக் காலையில்தான் பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து சதவீதம். பின்கட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம். அவர் கழுத்துக் குழாயைக் கழுவிக்கொண்டிருக்கிறார். அது முடிய அரைமணி ஆகும், பொறுமையாகச் செய்வார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

எட்டு. முன்பு அனுப்பிய அந்தப் பன்னிரண்டு நாளும் இந்தச் சதவீத எண்ணே வந்ததில்லை. அதிலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். கட்டளையை அடித்து என்டரைத் தட்டினால் மூச்சு விடும் நேரத்தில் அடுத்த வரி வந்து நிற்கும், அவ்வளவுதான். போய்விட்டதா, ஒன்றுமே சொல்லவில்லையே என்று முதல் நாள் போனில் கேட்டதற்கு, வேலை சரியாக நடந்தால் அது வாயைத் திறக்காது டீச்சர், தப்பு நடந்தால்தான் கத்தும் என்று பிளெஸ்ஸி சொன்னாள். நல்ல வகுப்பு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். சத்தமில்லாத வகுப்பில் எல்லாரும் படித்துக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறவள் டீச்சரே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன். பாஸ்வேர்டுகூடக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்டது. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டது, ஆங்கிலத்தில் மூன்று வரி. எழுத்துக்கூட்டிப் படித்தேன். இந்தக் கணினியை இதற்கு முன்பு நான் பார்த்ததில்லை, இது யார் என்று எனக்குத் தெரியாது, தொடரலாமா என்று கேட்டது. ஆம் என்று அடித்தேன். பன்னிரண்டு நாள் பன்னிரண்டு பாடம் அனுப்பினோம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, இது மதுரைப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. பாஸ்வேர்டை அடிக்கும்போது திரையில் ஒன்றுமே விழவில்லை, ஒரு நட்சத்திரக் குறிகூட. எழுத்து விழுகிறதா என்று தெரியாமலே அடிப்பது இருட்டில் கோலம் போடுவது மாதிரி இருந்தது. பிளெஸ்ஸி எப்போதும் இப்படித்தானே என்று தோன்றியது. அவளுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. அவளுடைய கணினி எழுத்தையெல்லாம் பேசிக் காட்டும், போனில் பேசும்போது பின்னால் அது அவசரமாக முணுமுணுப்பது கேட்கும்.

பதினாறு. பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களைக் குரலில் பதிந்து கொடுக்கும் செவிநூல் மன்றம் மதுரையில் இருக்கிறது. பிளெஸ்ஸிக்கு அங்கேதான் வேலை. ஓய்வு பெற்றபிறகு நான்தான் அதற்கு வாசித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அதில் கிண்டல்தான். முப்பத்தொரு வருஷம் கத்தினது பத்தாதா டீச்சரம்மா என்பார். அவர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். இருபத்தாறு வருஷம் மைக்கில் பஸ் பெயர் சொன்னவர். புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழி செல்லும் வண்டி இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும். அந்தக் குரலைக் கேட்டு ஊரில் கடிகாரம் திருத்தியவர்கள் இருந்தார்கள். தொண்டைக்குள் ஏதோ கிடக்கிற மாதிரி இருக்கிறது என்று வைகாசியில் சொன்னார். ஆவணியில் டாக்டர், குரல்வளையை எடுத்துவிட வேண்டும், பதினாலு நாள் கழித்து வாருங்கள் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே பழகிக்கொள்கிறாரோ என்று பயந்தேன். மறுநாள் நான்தான் மெதுவாக ஆரம்பித்தேன், ஏதாவது பேசிப் பதிந்து வைக்கலாமா என்று. எனக்கு என்ன பேசத் தெரியும், சும்மா பேசு என்றால் என்ன பேசுவது, எழுதினது ஏதாவது கொடு, வாசிக்கிறேன் என்றார். மேசையில் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் இருந்தது. மன்றத்திலிருந்து எனக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். நாளைக்கு ஒரு பாடம். நான் பதிவேன், பிழைகளை வெட்டுவேன், அனுப்புவேன். இது வீணாகப் போகாது பார், யாரோ ஒரு பிள்ளை பரீட்சைக்குக் கேட்கும் என்று அவராகவே சொல்லிக்கொண்டார். நேற்றுகூட சிலேட்டில் எழுதிக் காட்டினார். பிள்ளைங்க கேக்குறாங்கல்ல. பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்த சிலேட்டு, மரச்சட்டம் போட்டது. எழுதுவார், காட்டுவார், ஈரத்துணியால் துடைப்பார். வாக்கியத்தின் முடிவில் எந்தக் குறியும் வைக்க மாட்டார். நான் குச்சியை வாங்கி ஒரு முற்றுப்புள்ளியோ கேள்விக்குறியோ வைத்துக் கொடுப்பேன். அவர் தலையில் அடித்துக்கொள்வார். இப்போது எங்கள் வீட்டுச் சண்டை அவ்வளவுதான். நேற்று அந்தக் கேள்விக்குக் கேள்விக்குறி போட்டுக் கொடுத்துவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டும்போது எனக்கு எல்லாம் தெரிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

இருபத்தைந்து. திரைக்கு மேல் ஒட்டியிருக்கும் தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது. என் கையெழுத்து. மேலே நான்கு சொல். படி, வெட்டு, அனுப்பு, அழி. பழைய கணினி, இடம் கம்மி, அனுப்பியதை அழித்தால்தான் அடுத்த பாடம் பதிய இடம் இருக்கும். கீழே பிளெஸ்ஸி போனில் சொல்லச் சொல்ல நான் எழுதிய கட்டளை. எஸ், சி, பி. இடைவெளி. கோப்பின் பெயர். இடைவெளி. மன்றத்தின் பெயர், அதன்பின் சுழி போட்ட ஏ, அதன்பின் எண்களால் ஆன முகவரி. கடைசியில் ரெண்டு புள்ளி வைங்க டீச்சர் என்றாள். ரெண்டு புள்ளி என்றால் எப்படி என்று கேட்டேன். கேட்டேன், அது நன்றாக நினைவிருக்கிறது. சந்தேகம் வந்தால் கேள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவள், நானும் கேட்டேன். "பக்கத்துப் பக்கத்துல" என்றாள். அவள் பின்னால் கணினி முணுமுணுத்துக்கொண்டிருந்தது, வேறு யாரோ கூப்பிட்டார்கள், அவளுக்கு ஏழாம் மாதம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தேன். முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு முற்றுப்புள்ளி. ஒழுங்காக, ஒரே அளவில். அவள் முக்காற்புள்ளி என்று சொல்லியிருந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருப்பேன். கோலன் என்று சொல்லியிருந்தாலும் வைத்திருப்பேன், அதுகூடத் தெரியாதவளா நான். வயதானவளை ஆங்கிலத்தில் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள். அவளுடைய இரக்கம் ஒன்று, என்னுடைய கீழ்ப்படிதல் ஒன்று. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

முப்பத்து நான்கு. நேற்று மதியம் அவள் கூப்பிட்டாள். பிரசவ விடுப்பு முடிந்து வந்த மூன்றாம் நாள். பெண் குழந்தை, மன்றத்துக்கே தூக்கி வந்திருக்கிறேன், கேட்டால் தொட்டிலுக்குப் பக்கத்தில் போனை வைத்துக் காட்டுவேன் என்றெல்லாம் பேசிவிட்டு, டீச்சர், வரலாறு உங்ககிட்டயிருந்து வரவே இல்லையே, ஐயா வாசிக்க முடியாமப் போயிட்டா, பரவாயில்ல, இங்க வேற ஒருத்தர் வாசிச்சு முடிச்சிட்டாங்க என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. பன்னிரண்டும் அனுப்பினேனே என்றேன். அவள் தேடினாள். கணினி முணுமுணுத்தது. இல்லை என்றாள். அனுப்பியவை உங்கள் கணினியில் இல்லையா என்றாள். நீ சொன்னபடி அழித்துவிட்டேன் என்றேன். அந்த நேரத்தில் யாராவது என்னைப் பார்த்திருந்தால் நான் சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். தாளில் இருப்பதை அப்படியே எழுத்தெழுத்தாகப் படித்துக்காட்டச் சொன்னாள். படித்தேன். கடைசியில் புள்ளி, புள்ளி என்றேன். குழந்தை எங்கோ அழுதது. பிறகு, பிரெய்லியில் அந்தக் குறி பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும் என்றாள். நடு வரிசையில் இடது ஒன்று, வலது ஒன்று. "கண்ணால பாக்கிறவங்களுக்கு மேல கீழன்னு எனக்குத் தெரியும் டீச்சர். அன்னைக்குச் சொன்னது என் விரலு" என்றாள். நான் அவளைத் திட்டியிருக்கலாம். திட்ட வரவில்லை. அந்தக் குறிதான் அந்தக் கணினி வேறு, இந்தக் கணினி வேறு என்று சொல்லுமாம். அது இல்லாவிட்டால் முகவரியை முகவரி என்று எடுத்துக்கொள்ளாது, ஒரு பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அந்தப் பெயரில் இங்கேயே ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று வாயை மூடிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு முக்காற்புள்ளியை எப்படிச் சொல்லிக்கொடுப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். இது வந்தால் வாக்கியம் முடியவில்லை, இதற்கு அந்தப்பக்கம் ஏதோ இருக்கிறது, காத்திருங்கள் என்பேன். நான் அந்தப்பக்கமே இல்லாமல் அனுப்பியிருக்கிறேன். அப்படியானால் நகல் இங்கே இருக்குமா என்று கேட்டேன். எல், எஸ் என்று அடிக்கச் சொன்னாள். பெயர்கள் வரிசையாக விழுந்தன, நடுவில் ஒன்று, கோப்பின் வகையைச் சொல்லும் வால் இல்லாமல், மன்றத்தின் முகவரியே பெயராக, கடைசியில் என்னுடைய இரண்டு புள்ளிகளோடு. "அது போகல டீச்சர். அது உங்ககிட்டயேதான் இருக்கு" என்றாள். எத்தனை இருக்கிறது என்றாள். ஒன்று என்றேன். சொல்ல வேண்டியதில்லை, எனக்கே புரிந்துவிட்டது. ஒரே பெயர். முதல் பாடத்தின் மேல் இரண்டாம் பாடம், அதன்மேல் மூன்றாம் பாடம். சிலேட்டு மாதிரி. பன்னிரண்டாம் நாள் எழுதியது மட்டும் துடைக்கப்படாமல் இருக்கிறது.

நாற்பத்தொன்பது. தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. இனி துணி மாற்றிக் கட்டுவார். பன்னிரண்டாம் பாடம் என்று தேதியை வைத்துத்தான் சொல்கிறேன், திறந்து கேட்கவில்லை. அளவும் சரியாக இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு உள்ள அளவு. இல்லை, கொஞ்சம் கூடவே இருக்கிறது, ஏனென்றால் அதை மட்டும் நான் வெட்டவில்லை. மறுநாள் காலை அட்மிஷன், சாயங்காலப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், பையில் துண்டு வைத்தாயா, ரிப்போர்ட் வைத்தாயா என்று ஓடிக்கொண்டிருந்தேன், ஊருக்குப் போய் வந்து வெட்டிக்கொள்ளலாம், எதற்கும் அனுப்பி வைப்போம் என்று அப்படியே கட்டளையை அடித்து, பழக்கத்தில் இங்கே பதிந்ததையும் அழித்துவிட்டேன். மற்ற பதினொன்றும் சுத்தமாக இருந்தன. இருமல் கிடையாது, திக்கல் கிடையாது, பக்கம் புரட்டும் சத்தம் கிடையாது. அவ்வளவு அழகாக வெட்டியிருந்தேன். இதில் எல்லாம் இருக்கும். கோலமாவு விற்கிறவள் தெருவில் போனது இருக்கும். படைகள் கிழக்கு நோக்கிப் புறப்பட்டன என்று புத்தகத்தில் இருந்ததை, படைகள் கிழக்கு நோக்கி இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும் என்று வாசித்துவிட்டு, அவரே நிறுத்தி, ஏ டீச்சரம்மா, இதை வெட்டிரு, பிள்ளை பரீட்சையில் எழுதிவைத்துவிடும் என்று சிரித்தது இருக்கும். சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் நிற்காமல் நான் தண்ணீர் எடுத்து வந்தது, தம்ளரை மேசையில் வைத்த சத்தம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நேற்றைக்கு உள்ளது போயிருச்சா என்று கேட்டார். போயிருச்சு என்றேன். அதுவும் இருக்கும், என் குரலில், சந்தேகமே இல்லாமல், போயிருச்சு. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு ஒன்று சொன்னார். இல்லை, அதை இப்போது நினைக்க வேண்டாம். நினைத்து நினைத்து அது என் குரலாக மாறிவிட்டால் என்ன செய்வது. ஏற்கெனவே பாதி அப்படித்தான் ஆகிவிட்டது. பஸ் பெயர் சொல்லும் குரல் நினைவிருக்கிறது, அது ஊருக்குச் சொந்தமான குரல். வீட்டுக்குள் என்னைக் கூப்பிடும் குரல்தான் நழுவுகிறது.

அறுபத்தொன்று. அறுபத்தொன்று. நொடிக்கு எவ்வளவு என்ற இடத்தில் எண் குறைகிறது. நூறு, நாற்பது, பன்னிரண்டு, பூஜ்யம். நேரம் காட்டிய இடத்தில் ஓர் ஆங்கிலச் சொல் வந்து நிற்கிறது. நின்றுவிட்டது என்று அர்த்தம். பெட்டிக்குள் டிக் இல்லை. இழுப்பு மட்டும், நீளமாக, விடாமல். பச்சை விளக்கைப் பார்க்கிறேன், எரிகிறது. அப்படியானால் இணைப்பு இல்லை, டிஸ்க்தான். எழுந்திருக்கக் கூடாது. தொடக் கூடாது. அன்றைக்கு அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே இப்படித்தான் ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் ஒரு பெண் முறுக்கு நீட்டினாள், வேண்டாம் என்று சொல்லக்கூடத் தோன்றாமல் வாங்கிக் கையில் வைத்திருந்தேன், கடைசியில் உள்ளங்கை முழுக்க எண்ணெய். கேட்டிருக்கலாமோ. அந்த ஒரு தடவையை இதற்குக் கொடுக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் கேட்டிருந்தால் கேட்டதாவது மிஞ்சியிருக்கும். இப்போது அறுபத்தொரு சதவீதம் மதுரையில், மிச்சம் இதற்குள், என்னிடம் ஒன்றுமில்லை. கடைசியில் சொன்னது அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. இனி அது அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. "கோமு, போதும், பஸ்ஸுக்கு நேரமாச்சு." நினைத்துவிட்டேன். டீச்சரம்மா என்று சொல்லவில்லை அன்றைக்கு. முப்பத்தெட்டு வருஷத்தில் கோமு என்று கூப்பிட்டதை விரல்விட்டு எண்ணலாம். வயிற்றில் பிள்ளை நிற்காமல் போனபோது ஒரு தடவை. என் அப்பா செத்த அன்றைக்கு ஒரு தடவை. மைக் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா. தெரிந்துதான் சொன்னாரோ. டிக். இழுப்பு நிற்கிறது. டிக், டிக். ஆங்கிலச் சொல் மறைந்து ஒரு எண் வருகிறது. பன்னிரண்டு. நூற்றெண்பது. அறுபத்திரண்டு. உள்ளங்கையைப் பார்க்கிறேன், எண்ணெய் மாதிரி வேர்வை.

எண்பத்தேழுக்கு அவர் வாசலில் வந்து நிற்கிறார். கழுத்தில் புதுத் துணி, கையில் சிலேட்டு. நான் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுகிறேன், பொறுங்கள் என்று. அவர் பொறுக்கிறார். நாற்காலியை இழுத்தால் சத்தம் வரும் என்று நின்றுகொண்டே திரையைப் பார்க்கிறார். எண்கள் ஓடுவதை அவர் இதுவரை பார்த்ததில்லை, புருவத்தைச் சுருக்குகிறார். தொண்ணூற்று நான்கு. அவருடைய மூச்சு கழுத்துத் துளை வழியாக வந்து போவது கேட்கிறது. தொண்ணூற்றொன்பதில் வெகுநேரம் நிற்கிறது, பிள்ளைகள் நூறைச் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு இழுப்பார்களே, அப்படி. நூறு. அடுத்த வரி. மேசையில் போன் அதிர்கிறது. பிளெஸ்ஸி. வந்துவிட்டது என்கிறாள், அளவு சரியாக இருக்கிறது என்கிறாள், கடைசி அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்த்தேன் என்கிறாள், பிறகு கொஞ்சம் தயங்கி, உங்க பேரு கோமுவா டீச்சர் என்கிறாள். கோமதி என்கிறேன். போனை வைத்துவிடுகிறேன்.

அவர் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். போயிருச்சா. கேள்விக்குறி இல்லை. குச்சியை வாங்கக் கை எழுகிறது, மடியில் வைத்துக்கொள்கிறேன். அன்றைக்குச் சொன்ன அதே சொல்லை இன்றைக்கும் சொல்லலாம், பொய்யும் இல்லை. தாளில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பார்க்கிறேன். "ஒண்ணு போயிருக்கு" என்கிறேன். "பதினொண்ணு போகல. அன்னைக்கே போகல. நான் அழிச்சிட்டேன்." எப்படி என்பதையும் சொல்கிறேன், பிரெய்லி, விரல், ஒன்றின்மேல் ஒன்று, பிள்ளைகள் வேறு யாரோ வாசித்ததைக் கேட்கிறார்கள் என்பதையும், ஒன்றையும் விடாமல். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார். முடித்தபிறகும் திரையைத்தான் பார்க்கிறார். சிலேட்டைத் துடைக்கிறார், துடைத்த இடத்தையே மறுபடி துடைக்கிறார். பிறகு எழுதுகிறார். எது இருக்கு.

"பன்னிரண்டு."

அதுல இருமுனேன்.

"ஆமா."

தப்பா வாசிச்சேன்.

"ஆமா. பஸ் விட்டீங்க. இன்னும் வெட்டல. ஊருக்குப் போய் வந்து வெட்டணும்னு இருந்தேன்."

அவருடைய தோள் குலுங்குகிறது. கழுத்துத் துளையில் காற்று விட்டுவிட்டு வருகிறது. சிரிக்கிறார் என்பது எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிகிறது, சத்தம் இல்லாததால். சிரித்து முடிக்கவும் இல்லை, கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். தாளில் நான்கு சொல் இருக்கும் இடத்தை எட்டிப் பார்க்கிறார். குனிந்து, மேசையின் மேல் சிலேட்டை வைத்து, பெரிய எழுத்தில், மெதுவாக எழுதி, என் பக்கம் திருப்பி வைக்கிறார்.

வெட்டாதே

முற்றுப்புள்ளி வைக்கவில்லை. நான் குச்சியைக் கேட்கவில்லை.